அமாவாசை என்று பெயர் வைத்தவர்கள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலோரம், கையெழுத்துக்குக் காத்திருக்கும் கடிதத்தோடு முதலாளியம்மா. கதவருகே அவள் கணவர். லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தின் முன் முக்காலியில் பட்டறைக்காரர். ஃப்ரேமில் லென்ஸ் பொருத்தும் மேசை மட்டும் காலி. அது முதலாளியம்மாவின் தங்கையுடையது.

தங்கையை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் அது. போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் கண்ணாடியைத் தரையில் அறைந்து, "நான் செத்துத் தொலைஞ்சாத்தான் உங்களுக்கெல்லாம் நிம்மதி" என்று கத்திவிட்டுப் போனவள், அதற்குப்பின் போனையே எடுக்கவில்லை.

"போட்டுடும்மா கையெழுத்த. தங்கச்சின்னு பார்த்தா கடை பேரு நாறிடும்," என்றார் கணவர்.

"பொறுங்க சார், அமாவாசை கழிஞ்சதும் தானா வந்து நிக்கும்," என்று பட்டறைக்காரர் சிரித்தார்.

மாதம் ஒருமுறை முகம் இருண்டுபோகிறவளுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. கடையே அந்தக் கணக்கில்தான் ஓடியது. "அமாவாசை வருது, தங்க ஃப்ரேமை உள்ள வைங்க" என்று முதலாளியம்மாவே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்!

மூலையில் ரேடியோ அதன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. யாரோ மனநல மருத்துவர், புது ஆராய்ச்சிகளைப் பற்றி.

"...மாதவிடாய்க்கு முன்னால் ஹார்மோன் ஏறி இறங்குவது இயல்பு. சிலருடைய மூளை அதைத் தாங்குவதில்லை. ஆத்திரம், பயம், செத்துவிடலாம் என்ற எண்ணம்கூட வரும். பிறகு விலகிவிடுவதால் வீட்டார் திமிர் என்கிறார்கள். திமிரல்ல. சிகிச்சை இருக்கிறது."

 முதலாளியம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தாள்.

"ரேடியோவில ஆயிரம் சொல்லுவான்," என்றார் கணவர்.

"நமக்குத் தெரியும்ங்க. எப்போ வரும்னு தெரியும், எப்போ போகும்னு தெரியும். ஃப்ரேமை எடுத்துப் பத்திரமா வெச்சோமே, அவளை என்ன பண்ணோம்?" என்றாள் முதலாளியம்மா.



"அமாவாசைன்னு கூப்பிட்டா அதுவும் கூடச் சிரிக்குமேம்மா," என்றார் பட்டறைக்காரர். முக்காலியிலிருந்து எழுந்தார்.

செத்துத் தொலைஞ்சா. போன வாரம் காதில் விழுந்த சொல் இப்போதுதான் முதலாளியம்மாவின் மண்டையில் ஏறியது. தங்கை தங்கியிருக்கும் அம்மா வீட்டுக்குப் போன் போட்டாள்.

"இருக்காடி. கதவச் சாத்திக்கிட்டுக் கிடக்கா. வேலைய விட்டு நிறுத்தறீங்கன்னு மாப்ள அவளுக்கு மெசேஜ் போட்டுட்டாராமே? உன் பேரெடுத்தாலே எரிஞ்சு விழறா."

"பக்கத்திலேயே இரும்மா. கதவுகிட்டயே உக்காரு. இதோ வரேன்."

பழைய கடிதத்தைக் கிழித்தாள். நின்றபடியே புதிதாக எழுதினாள்: 'உனக்கு வருவது திமிரில்லை. அது வரும் நாளைத் தெரிந்து வைத்திருந்தோம், நோயைத் தெரிந்துகொள்ளவில்லை. உன் மேசை உன்னுடையதுதான். கதவைத் திற, சேர்ந்து டாக்டரிடம் போவோம். வாசலிலேயே நிற்பேன்.'

கடை முத்திரை இல்லாத உறையாகத் தேடி எடுத்து ஒட்டினாள். மேலே தங்கையின் சொந்தப் பெயரைக் கையால் எழுதினாள்.

"சைக்கிள்ல நான் முந்திடுவேன், கதவுக்கடியில தள்ளிடறேன்," என்று பட்டறைக்காரர் கையை நீட்டினார். அவரிடம் கொடுத்துவிட்டு அவள் செருப்பைத் தேடினாள்.