உள்ளங்கை சொன்ன சூடு

இராயபுரத்தில் வணிகர்கள் சிலர் அறக்கட்டளை அமைத்து நடத்திவந்த பிரசவ விடுதியில், குழந்தைகளைக் குளிப்பாட்டும் அறைக்கு வெந்நீர்க் குழாய் வந்தது 1954ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில். அதைப் பொருத்தியவர் பக்தவச்சலம். துறைமுகப் பக்கத்துப் பட்டறையொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் கொதிகலன் வேலை பார்த்துவிட்டு, தனியாகக் குழாய் வேலைக்கு வந்தவர்.

கொல்லையிலிருந்த செப்புக் கொதிகலனின் வெந்நீரும், மாடித் தொட்டியின் தண்ணீரும் ஒரு வால்வுக்குள் வந்து சேரும். உள்ளே இருக்கும் உலோகச் சுருள் சூட்டுக்கேற்ப நீண்டும் சுருங்கியும் இரண்டையும் அளந்து கலந்து, நாம் வைத்த சூட்டிலேயே நீரை வெளியே விடும். அதாவது, விட வேண்டும்.

வால்வைத் தேர்ந்தெடுத்தவர் விடுதியின் செயலாளர் சங்கரநாராயணன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மொத்த வியாபாரத்தில் முன்னேறியவர். உடைத்த கப்பலொன்றிலிருந்து கழற்றிய அந்தப் பித்தளை வால்வு, இருபது மாலுமிகள் ஒரே நேரத்தில் குளிப்பதற்காகச் செய்தது. எடை இருந்தால் தரம் இருக்கும் என்பது அவர் கண்ட நியாயம். ஒற்றைக் குழாய்க்கு இவ்வளவு பெரியது எதற்கு என்ற ஐயம் பக்தவச்சலத்துக்கு எழாமல் இல்லை. ஆனால், கப்பல் வால்வைத் தம் கையால் பூட்டுகிறோம் என்ற பெருமை அவர் வாயை அடைத்துவிட்டது. பூட்டினார், ஓடும் நீரில் உள்ளங்கையை நீட்டினார், இளஞ்சூடு வரும்வரை கைப்பிடியைத் திருகி நிறுத்திவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார்.

இனி யாரும் நீரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இயந்திரம் பார்த்துக்கொள்ளும், குழந்தையை நேரே குழாயடியில் பிடித்தால் போதும் என்று செயலாளர் ஆயாக்களுக்கு உத்தரவிட்டார்.

மறுநாள் காலை, கொருக்குப்பேட்டை அம்முவின் மூன்று நாள் பெண் குழந்தையை ஏந்திக்கொண்டு ஆயா பூவம்மா குழாயைத் திறந்தாள். வியாசர்பாடியிலிருந்து வருபவள், பதினான்கு ஆண்டுகளாக அந்த அறையிலேயே பணி, வீட்டில் நான்கு பேர் அவள் சம்பளத்தை நம்பியிருந்தார்கள். உத்தரவு அவள் காதில் விழுந்திருந்தது. ஆயினும் குழந்தைக்கு முன்னால் தன் முழங்கையை நீட்டினாள். தோல் வெந்து கொப்புளம் கிளம்பியது. குழந்தையின் மேல் ஒரு துளியும் படவில்லை.

நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் செயலாளர் விசாரணை வைத்தார். முடிவை முதலில் எடுத்துவிட்டுக் காரணத்தைப் பின்னால் தேடுவதை விசாரணை என்று சொல்வதே தவறு. பூவம்மா கைப்பிடியைத் திருகிக் கெடுத்துவிட்டாள், உத்தரவையும் மீறினாள், அன்றோடு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும் என்பது அவர் முடிவு. பெயருக்கு ஒரு சாட்சி வேண்டுமென்று பக்தவச்சலத்துக்கு ஆள் அனுப்பினார்.

"என்னய்யா, உம்ம வேலையில கொறை ஒண்ணும் இல்லல்லா? இவதான் திருகியிருக்கா. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போரும்."

"நான் அதுமேல கையே வெக்கல நைனா" என்றாள் பூவம்மா, பக்தவச்சலத்தைப் பார்த்து. "கொழாவத் தொறந்தேன், அவ்ளோதான். நீயே தொட்டுப் பாரு."

பக்தவச்சலம் குழாயைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினார். நேற்று வைத்த அதே இளஞ்சூடு. பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இம்மியும் இல்லை. "சூடு சரியாத்தான் கீது" என்றார்.

அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. திருகிவிட்டு, ஆள் வருவதற்குள் பழையபடி வைத்துவிட்டாள் என்று செயலாளர் சொல்லி முடித்தார். பூவம்மா வாதாடவில்லை; கட்டுப்போட்ட கையைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

விடுதியின் மருத்துவச்சி ஞானசெல்வி, அலமாரியிலிருந்து நீரின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்துவந்து ஓடும் நீரில் பிடித்தார். பிறகு அதைப் பக்தவச்சலத்திடம் கொடுத்தார். நூற்று இருபத்தெட்டு டிகிரி பாரன்ஹீட். பச்சைக் குழந்தைக்கு நூறே போதும்.

பக்தவச்சலம் மறுபடியும் கையை நீட்டினார். இப்போதும் இளஞ்சூடுதான். கையை இழுத்துத் திருப்பிப் பார்த்தார். பழுக்கக் காய்ந்த ஆணிகளும் நீராவிக் குழாய்களும் இருபத்திரண்டு ஆண்டுகள் பதம்பார்த்த கை. செருப்புத் தோல்போல் தடித்திருந்தது. கொதிகலனின் சூட்டை இந்தக் கையால்தான் அளந்து பழக்கம். குழந்தை குளிக்கும் நீரையும் இதே கையால் அளந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பார்த்தீரா, திருகினது திருகினபடி கெடக்கு" என்றார் செயலாளர்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி பூவம்மாவோடு போய்விடும். கைப்பிடி நகரவில்லை என்பது பக்தவச்சலத்துக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

"இல்லீங்க. அந்தம்மா திருகல. நான் வெச்ச எடத்துலயேதான் கீது. என் கை மரத்துப்போன கை. எனக்கு எளஞ்சூடு, கொழந்தைக்குக் கொதி. தப்பு என்னுது. அந்தம்மா மட்டும் உங்க பேச்சக் கேட்டிருந்தா, இந்நேரம் நாம போலீசுக்குப் பதில் சொல்லிகினு இருப்போம்."

செயலாளர் ஞானசெல்வியைப் பார்த்தார். அங்கே அவருக்கு ஆதரவு கிடைக்கவில்லை. பூவம்மா வேலையில் இருக்கட்டும் என்று முனகினார்.

பக்தவச்சலம் அங்கேயே தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு கைப்பிடியை நூறுக்குத் திருப்ப முயன்றார். பாதரசம் நிற்கவில்லை. தொண்ணூறுக்கு இறங்கியது, நூற்றுப் பத்துக்கு ஏறியது. இருபது குழாய்க்கான வால்வு ஒரு குழாயின் சிற்றோட்டத்தில் நிலைகொள்ளாது என்று எடுத்துச் சொன்னார்.

"இதை அப்பமே சொல்லியிருக்கலாமேய்யா."

"சொல்லியிருக்கணும். அதுவும் என் தப்புதான்."

அந்த வாரமே அரை அங்குலச் சிறு வால்வு வந்தது. ஒன்றின் நீர் மற்றொன்றுக்குள் ஏறாமலிருக்க இரு குழாய்களிலும் தடுப்பு வால்வும், மணலையும் உப்புக் கசடையும் பிடிக்க வலையும் வைத்தார் பக்தவச்சலம். தெர்மாமீட்டர் பார்த்து நூறில் நிறுத்தி, கைப்பிடிக்கு மூடி போட்டுப் பூட்டினார். செயலாளர் தம் உத்தரவைத் தாமே கிழித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் புண் ஆறும்வரை நாள்தோறும் அவர் கடையிலிருந்து பூவம்மாவுக்குக் களிம்பு வந்துகொண்டிருந்தது. அம்மு, குழந்தையோடு வீடு திரும்பும்போது பூவம்மாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்துச் சோதிக்க வந்தபோது பக்தவச்சலம் தாமாகவே பேச்சைத் தொடங்கினார்.

"பூவம்மா, ரெண்டு தபா என்னைக் காப்பாத்தின. கொழந்தை மேல கொதிதண்ணி வுழாம ஒரு தபா. என் பேச்சால உன்மேல பழி வுழுந்தும் நீ கத்தாம நின்ன பாரு, அது ஒரு தபா. நீ கத்தியிருந்தா நானும் வீம்புக்குக் கத்தியிருப்பேன்."

"நான் இன்னா நைனா பண்ணேன்? கை வலி, கத்த முடியல" என்று சிரித்தாள் அவள்.

அவர் வலைகளைக் கழற்றினார். ஒரே மாதத்தில் ஒரு கை நிறைய மணல். கழுவி மாட்டினார். கடைசியாகத் தண்ணீர்க் குழாயை மட்டும் அடைத்தார். குளிர்ந்த நீர் நின்றால் வெந்நீரும் தானே நிற்க வேண்டும். அதுதான் வால்வின் யோக்கியதைக்குச் சோதனை. பூவம்மா பக்கத்தில் நின்று எண்ணினாள். மூன்று எண்ணுவதற்குள் குழாய் சொட்டி நின்றது.

"இன்னொரு தபா அடைச்சுக் காட்டு" என்றாள் பூவம்மா.

பக்தவச்சலம் மறுபேச்சின்றித் திறந்து, இன்னொரு முறை அடைத்தார்.