எங்கள் மொட்டை மாடியில் ஒரு மலை

1

இந்தக் கதை ஒரு பிளாஸ்க் மூடியிலிருந்து தொடங்குகிறது.

"மூடி எங்க பிரியா? வெரசா கொண்டா. குரங்கணிக்கு மேல லைன் அறுந்து கெடக்கு" என்றான் லிங்கேஸ்வரன். மனைவி முத்துப்பிரியா எடுத்துக் கொடுத்தாள். அன்று மதியம் மழையில் அவன்மேல் மரம் சாய்ந்தது.

(முத்துப்பிரியா நான்தான். 'நான்' என்று தொடங்கிய நாலு தாளும் மூன்றாம் வரியைத் தாண்டவில்லை. 'அவள்' என்றால் கை ஓடுகிறது.)

2

லிங்கேஸ்வரன் ஒரு மாமனிதன். அவன்

(அடித்துவிட்டேன். துண்டை ஈரமாகக் கட்டிலில் போடுகிறவன்.)

போடியிலிருந்து நாற்பது ஏலத்தோட்டங்களுக்கு இணைய கேபிள் இழுத்தவன். இணைப்புக்கு ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அதைத் தேடினால் உரிமையாளர் பெயரும் ஊரும் காட்டும். வாடகைக்கு எடுத்த எண்கள் சென்னை என்று காட்டின.

"என்ன மாப்ளே, எங்க மலையத் தூக்கி மெட்ராஸ்ல வச்சுட்ட! கடல் தெரியுதா?" என்று கேலி செய்தார் தோட்டத்து மேனேஜர் சௌந்தரபாண்டியன்.

லிங்கேஸ்வரனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் பெயரிலேயே எண்கள் வாங்கினான். எண்ணுக்கு ஊர் காட்டும் கம்பெனிகளுக்கு, ஊரைத் திருத்தச் சொல்லிப் பதினேழு மெயில் போட்டான். சரியான இடத்தைக் குறிக்கச் சொன்னார்கள். மொட்டை மாடியில் நின்று போன் வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தான். நாற்பது தோட்டத்து எண்களுக்கும் அதே புள்ளி; மலை முழுதும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒரு தோட்டத்து இணைப்பைத் தேடி மாடியேறிய போலீஸ்காரர், "ஏம்ப்பா, நாப்பது தோட்டமும் இந்தக் கொடிக்கயித்துலயா தொங்குது?" என்றார். லிங்கேஸ்வரன் பூரித்துப்போய் டீ வாங்கிக் கொடுத்தான்.

3

எண் வழங்கும் பதிவகம் ஆண்டுக்கொரு முறை கேட்கும்: 'விவரங்கள் சரிதானா?' இம்முறை மெயிலைத் திறந்தது அவள்.

"ஒம் பேருக்கு மாத்துக்கா. செத்தவர் பேர்ல இருந்தா நம்பரையே பிடுங்கிருவான்" என்றான் தம்பி பிரதீப்.

"தெரியும்டா."

"மச்சான் போன மறுவாரமே ஜீப்புல ஏறி லைன் கட்டுன. அன்னைலருந்து ஒரு நாளாச்சும் லைன் நின்னுச்சா? மலை ஏறுறது நீ, பேரு மட்டும் அவருக்கா?"

"அவர் பேரு இருக்கிறது அங்க மட்டுந்தான்டா. ரேஷன் கார்டுல எடுத்தாச்சு, பேங்குல எடுத்தாச்சு."



4

முடிவு ஒன்று: மாற்றுகிறாள். உண்மை, பெருமையும்கூட.

முடிவு இரண்டு: 'சரி' என்று அழுத்துகிறாள். பொய். ஒரு வருடம் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். நாற்பது தோட்டமும் அந்தப் பொய்யில் தொங்கும்.

முடிவு மூன்று: அவள்

(இதை எழுத எனக்கு மனமில்லை. படிவம் திறந்தே இருக்கிறது. பெயர்க் கட்டத்தை நீங்கள் நிரப்புங்கள்.)

எதை நிரப்பினாலும் அடுத்த வரி மாறாது. ஊர்: போடிநாயக்கனூர். புள்ளி எங்கள் கொடிக்கயிற்றின் மேல்.