மேல்வீட்டு உருளைக்கிழங்கு சூப்

ஒரகடத்தில் ஒரு கார் பாகக் கம்பெனியின் கேன்டீனுக்கு ரிச்சர்ட்தான் மாஸ்டர். தினம் ஆயிரத்து இருநூறு பேர் அவன் சமைத்ததைச் சாப்பிடுகிறார்கள். விடிவதற்குள் மண்ணூர் வீட்டிலிருந்து கிளம்பிப் போனால் அண்டாவுக்கும் ஆவிக்கும் நடுவே நின்று வேலையை முடித்துவிட்டு, சாயங்காலம் நாலரைக்குத் திரும்புவான். வந்ததும் குளித்துவிட்டு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வான். வீட்டு அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டான். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவன் வீட்டில் சமைத்தது இரண்டே தடவை. இரண்டும் கிறிஸ்துமஸ் பிரியாணி.

அவன் மனைவி பெனிட்டாவுக்கு செல்போன் பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. ஷிப்ட் முடிந்து வந்து அவளே சமைப்பாள். அதைப் பற்றி அவள் வாய்விட்டு எதுவும் சொன்னதில்லை. அதனால் ரிச்சர்டும் அதை யோசித்ததில்லை.

ஐப்பசி மழை பிடித்த முதல் வாரத்தில் மாடி வீட்டு இளம்பரிதி ஒரு தூக்குச் சட்டியோடு இறங்கி வந்தான். திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். ஒரு தொழிற்சாலையில் ரோபோக்களைப் பழுதுபார்க்கும் டெக்னீசியன். மனைவி எழிலரசி பிரசவத்துக்கு ஊரில் அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் அவனே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"யக்கா, உருளைக்கிழங்கு சூப்பு. கூடுதலா ஆயிட்டு. சூட்டோட குடிங்க. போன வருசம் கம்பெனில ஜெர்மனிக்கு ட்ரெயினிங் அனுப்புனாவல்லா, அங்க நான் தங்குன வீட்டுல குளிரு ஆரம்பிச்சா இதான் ராத்திரிச் சாப்பாடு."

கெட்டியான சூப். பாதி கிழங்கு கரைந்தும் பாதி துண்டுதுண்டாகவும் கிடந்தது. பெனிட்டா ஒரு வாய் குடித்துவிட்டு கண்ணை மூடிக்கொண்டாள். "தம்பி, சூப்பரா கீது. மழைக்கு எப்டி எறங்குது பாரு."

ரிச்சர்டும் ஒரு கரண்டி வாயில் விட்டான். இளம்பரிதி வெங்காயத்தை வெண்ணெயில் பொறுமையாக வதக்கியிருந்தான். மிளகைக் கடைசியில் போட்டிருந்தான். எங்கேயாவது பிசகியிருக்கிறதா என்று நாக்கில் வைத்துத் தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றான்.

"சரியாத்தானே கீது," என்றாள் பெனிட்டா.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாளாவது சூப் இறங்கி வந்தது. பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாதென்று பெனிட்டா வடையோ சுண்டலோ வைத்து அனுப்பினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் ரிச்சர்ட் டிவியின் சத்தத்தைக் கூட்டினான். அவள் இளம்பரிதியைத் தம்பி என்றுதான் கூப்பிட்டாள், வாசலில் நின்றுதான் பேசினாள். தப்பாக நினைக்க ஒன்றுமில்லை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் அந்த முதல் வாய்க்கு அவள் கண்ணை மூடிக்கொண்டது அவனுக்குள் முள் மாதிரி நின்றுவிட்டது. அவன் சமையலைச் சாப்பிட்டு அவள் அப்படிக் கண்ணை மூடியதாக அவனுக்கு ஞாபகம் இல்லை. நட்டு போல்ட்டு முடுக்குகிறவன், நேற்றைக்குக் கரண்டி பிடித்தவன். பத்து வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவன் வீட்டுக்குள்ளேயே வந்து பேர் வாங்குகிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்ததும் ரிச்சர்ட் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நுழைந்தான். "இன்னிக்கு சூப்பு நான் வெக்கிறேன்," என்றான். பெனிட்டா ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தாள்.

கை பழக்கத்தில் மூணு கிலோ கிழங்கை உரித்துத் தள்ளிவிட்டான். வேகவைத்து, கெட்டியாக வரட்டும் என்று மிக்ஸியில் போட்டு ஓடவிட்டான். அது பசை மாதிரி இழுத்தது. தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டியது. கரண்டியைத் தூக்கினால் சட்டியே கூட வந்தது.

பெனிட்டாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இதுல போஸ்டர் ஒட்டலாம்." பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "மேல போய் தம்பிகிட்ட கேட்டுகினு வரட்டா?" என்றாள்.

"ஆயிரத்து இருநூறு பேரு என் கையால துன்றாங்க. எனக்கு அவன் சொல்லித் தரணுமா?"

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். பசையில் கடலை மாவைச் சேர்த்து, மிளகாய் கிள்ளிப் போட்டு, பக்கோடாவாகச் சுட்டு எடுத்தாள். நன்றாகத்தான் இருந்தது. ரிச்சர்ட் ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அதற்கடுத்த வாரம் பெனிட்டாவுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். உள்நோயாளியாகச் சேர்க்கத் தேவையில்லை, தினமும் வந்து காட்டுங்கள், நிறைய நீர் ஆகாரம் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரிச்சர்ட் லீவு போட்டான். கஞ்சி வைத்தான், ரசம் வைத்தான். ரெண்டு வாய்க்கு மேல் அவளுக்கு இறங்கவில்லை. எல்லாமே கசக்கிறது என்றாள். மூன்றாம் நாள் மத்தியானம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டே சொன்னாள்: "மேல தம்பி வெக்கிற சூப்பு இருந்தா குடிப்பேன்."

அவன் மாடி ஏறினான். கதவில் பூட்டு தொங்கியது.

பூட்டைப் பார்த்ததும் முதலில் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று போய்ச் சொல்லலாம், அவளும் கேட்பதை விட்டுவிடுவாள் என்று நினைத்தான். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அந்தச் சந்தோஷம் அவனுக்கு உறைத்தது. கீழே அவள் மூணு நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். அவன் மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். ரொம்ப நேரம் கழித்து போனை எடுத்து இளம்பரிதியைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, பொம்பளப் புள்ள பொறந்திருக்கு. நேத்து காலைல. போன் வந்ததும் பஸ் ஏறிட்டேன், அக்காகிட்ட சொல்லக்கூட முடியல." பின்னால் குழந்தை அழுவது கேட்டது.

ரிச்சர்ட் வாழ்த்துச் சொன்னான். பிறகு, "அந்த சூப்பு," என்று ஆரம்பித்து நிறுத்தினான். "அவளுக்கு டெங்கு. அதத்தான் கேக்குறா. எப்டி வெக்கணும்?"

"ஐயையோ. அண்ணாச்சிக்கு நான் சொல்லுததா?" என்று இழுத்தாலும் நிதானமாகச் சொன்னான். ரெண்டு பேருக்கு நாலு கிழங்கு போதும். மிக்ஸியில் போடக் கூடாது, கரண்டியின் பின்பக்கத்தால் பாதியை மசித்து மீதியை விட்டுவிட வேண்டும். ஒரு கேரட், ரெண்டு பல் பூண்டு. பாலைத் தீயைக் குறைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். "வெங்காயம் சிவக்காம பாத்துக்கிடுங்க. அதான் முக்கியம்."

ரிச்சர்ட் நாலு கிழங்கை எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்தான். இவ்வளவு குறைவாக அவன் சமைத்ததே இல்லை. சின்னத் தீயில் வெங்காயத்தோடு பொறுமையாக நின்றான். முடிந்ததும் சூப்பை, திருப்பித் தராமல் கிடந்த இளம்பரிதியின் தூக்குச் சட்டியில் ஊற்றி அவளிடம் கொண்டுபோனான். தான் செய்தது என்று தெரிந்தால் போன ஞாயிற்றுக்கிழமையை நினைத்து வேண்டாம் என்றுவிடுவாளோ என்று பயம்.

"மேலேருந்து வந்துது," என்றான்.

அவள் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து ஒரு டம்ளர் குடித்தாள். இன்னொரு டம்ளர் கேட்டாள். "இன்னா இருந்தாலும் தம்பி கை பக்குவம் வேற யாருக்கும் வராது," என்றாள்.

ரிச்சர்ட் டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் குழாயைத் திறந்துவிட்டு நின்றான்.

நாலு நாள் அப்படியே போனது. காலையும் சாயங்காலமும் அவன் வைத்தான், அவள் இளம்பரிதியைப் புகழ்ந்தாள். இன்னிக்கு மிளகு தூக்கலா போட்டிருக்காரு, இன்னிக்கு இன்னும் நல்லா கீது என்றாள். அவள் முகத்தில் ரத்தம் ஊறுவதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

ஐந்தாம் நாள் அவள் எழுந்து தலை வாரிக்கொண்டு, "மேல போய் ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு வரேன்," என்றாள்.

"மேல யாரும் இல்ல. அவனுக்குப் பொண்ணு பொறந்துகீது. ஊருக்குப் போய் அஞ்சு நாள் ஆவுது."

"அப்ப சூப்பு?"

"நான்தான் வெச்சேன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தான். அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கண் நிறைந்துவிட்டது.

"எங்க கம்பெனி லைன்ல மஞ்சுளான்னு ஒருத்தி இருக்கா, உங்க கம்பெனிலேருந்து வந்தவ. ரிச்சர்ட் மாஸ்டர் சாம்பார் மாதிரி எங்கயும் துன்னதில்லம்பா. தினம் சொல்லுவா. நானும் தலைய ஆட்டுவேன். அந்த சாம்பார் எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியாது. அவங்க ஆயிரத்து இருநூறு பேரையும் நெனச்சா எனக்கு வயிறு எரியும். உனக்கு அது ஒரு நாளாவது தெரிஞ்சுதா?"

எப்போதும் நீங்க என்றுதான் பேசுவாள். அந்த 'உனக்கு' அவன் நெஞ்சில் தைத்தது.

"நீ சொன்னதே இல்லியே."

"கேட்டு வாங்கித் துன்னணுமா? இப்பகூட எனக்கு ஒரு டம்ளர் குடுக்க உனக்கு அடுத்தவன் பேரு தேவப்பட்டுது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் நகர்ந்துகொள்ளவில்லை, சாயவும் இல்லை. "நாளைக்கு சாம்பார் வெக்கட்டா?" என்றான்.

"வெய்," என்றாள்.

வைத்தான். அவள் கண்ணை எல்லாம் மூடவில்லை. ஆனால் கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மஞ்சுளா கொஞ்சம் ஓவராத்தான் சொல்றா என்றாள்.

கார்த்திகை பிறந்ததும் இளம்பரிதி திரும்பி வந்தான். குழந்தையின் போட்டோவைக் காட்டினான். ரெண்டு நாள் கழித்து மழை கொட்டிய ஒரு சாயங்காலம் சூப்போடு இறங்கி வந்தான். பெனிட்டா குடித்தாள். அவன் படியேறிப் போனதும் ரிச்சர்ட் கேட்டான்: "என்னுது நல்லா இருந்துதா, இது நல்லா கீதா?"

"இன்னிக்கு இது நல்லா கீது."

அவன் கோபித்துக்கொண்டு வாசலில் போய் நின்றான். சாரல் அடித்ததால் பத்து நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. உள்ளே வந்து பார்த்தால் பெனிட்டா அவனுக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து மூடி வைத்திருந்தாள். குடித்தான். இந்தத் தடவை நிஜமாகவே உப்பு கம்மிதான். அதை அவன் சொல்லவில்லை.