மேகத்துக்கு அடியில் ஒரு கப்பல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது அல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட களைப்பில், எங்கள் வீட்டுச் சோபாவில் படுத்துக்கொண்டு என் கொழுந்தியாள் பாதித் தூக்கத்தில் சொன்னது. மீதிப் பாதியை நான் சேர்த்தேன். அந்த மீதிப் பாதியால்தான் வம்பே வந்தது.

அவள் கப்பல் பார்க்கிறவள். "பொண்ணு கப்பல்ல வேலை பாக்குறா" என்று என் மாமியார் சொல்லிக்கொண்டு திரிவதால், சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் வாந்தி வருமா என்று விசாரிக்கிறார்கள். அவள் கப்பலில் ஏறியதே இல்லை. மூன்றாவது மாடியில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு, செயற்கைக்கோள் எடுத்த படங்களில் கப்பல்களைப் பார்க்கிறாள்.

எதற்கு என்றால்: ஒரு நாட்டின் மீது பொருளாதாரத் தடை போட்டுவிட்டால் அதனோடு யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது. தெரியாமல் வைத்துக்கொண்டாலும் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே வங்கிகள் நடுங்கிக்கொண்டு, "இந்தக் கப்பலை நம்பலாமா?" என்று ஆலோசனை கேட்க இவர்களிடம் வருகின்றன. இவர்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்து ஒரு பதில் எழுதித் தருகிறார்கள்.

இனிக் கதையைத் தொடங்கலாம்.

கடல் அமைதியாக இருந்தது. கப்பல் தூங்குகிற மாட்டைப் போல

வேண்டாம். கடல் அமைதியாக இருந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

2

இரண்டாவது முயற்சி. அலுவலகத்திலிருந்து தொடங்குகிறேன், அங்கே நான் ஒரு தடவை போயிருக்கிறேன். நீளமான அறை. ஜன்னல்களுக்குச் சாம்பல் நிறத் திரை, கணினித் திரைகளில் நீல நிறக் கடல். யாரும் உரத்துப் பேசுவதில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தால், அறைதான் மெதுவாக நகர்கிறது, கப்பல்கள் நிற்கின்றன என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது.

அங்கே ஒரு வழக்கம். எந்த விவகாரம் வந்தாலும் இரண்டு பேரிடம் கொடுப்பார்கள். ஒருவர் ஆளுங்கட்சி: கப்பல் நல்ல கப்பல் என்று வாதாட வேண்டும். இன்னொருவர் எதிர்க்கட்சி: நல்லதல்ல என்று வாதாட வேண்டும். மனசுக்குள் என்ன நினைத்தாலும் தன் பக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் காகிதம் வெளியே போகும். ஒன்று குறைந்தாலும் போகாது, கப்பலும் போகாது.*

*இந்த வழக்கத்தை எங்கள் வீட்டிலும் கொண்டுவரலாம் என்று சொன்னேன். "இங்க ஆளுங்கட்சி மட்டும்தான்" என்றாள் என் மனைவி.

முறை வைத்து மாறி மாறிச் செய்ய வேண்டிய வேலை அது. ஆனால் எதிர்க்கட்சி வேலையை மட்டும் ஒரே ஆள்தான் செய்துவந்தார். சுங்கத்துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அளவுக்கு 'இல்லை' சொல்ல வேறு யாருக்கும் வரவில்லை. அவர் பெயரே எதிர்க்கட்சி ஆகிவிட்டது. கோபக்காரர் இல்லை. மெல்லிய குரலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "இதுக்கு ஆதாரம்?"

3

வந்த விவகாரம் இது. தடைக்கு உள்ளான ஒரு நாட்டின் மருத்துவமனைக்கு டயாலிசிஸ் ஃபில்டர்கள் போகவேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் குழல்கள். மருந்துக்கும் மருத்துவச் சாமானுக்கும் தடை கிடையாது. ஆனால் அதை ஏற்றிக்கொண்டு போகும் கப்பல் சுத்தமாக இருக்கவேண்டும். இல்லையென்றால் வங்கி பணத்தை விடாது. சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும்.

சரக்கை ஏற்றிக்கொள்ள ஒரு சின்னக் கப்பல் வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. வருகிற வழியில் ஒரு சாயங்காலம் அது தன் சிக்னலை அணைத்துவிட்டது. தான் இருக்குமிடத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வரவேண்டிய கருவி அது. மறுநாள் மத்தியானம்தான் திரும்பப் போட்டார்கள். நடுவில் எங்கே போனது? தடையில் இருக்கிற வேறு கப்பலோடு ஒட்டி நின்று எதையாவது கை மாற்றியதா? கருவி பழுது என்றார்கள் கப்பல்காரர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்த நேரத்தில் அந்தக் கடலை எடுத்த படம் ஒன்றுதான் இருந்தது. அதில் மேகம். ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வெள்ளை.

என் கொழுந்தியாள் ஆளுங்கட்சி. அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கப் பார்க்க வெள்ளைக்குள் இன்னொரு வெள்ளை தெரிய ஆரம்பித்ததாம். பல் தேய்க்கும்போது நுரையில் கப்பல் போனதாம். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள், மேசை விரிப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். அது வெள்ளை விரிப்பு.

4

"அத்தான், நீங்க கதை எழுதுறவர்தானே? அந்த மேகத்துக்கு அடியில என்ன நடந்திருக்கும்? சும்மா சொல்லுங்க."

சும்மா சொல்லுங்க என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குக் கையும் காலும் நிற்காது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னேன். தூரத்தில் சின்னச் சின்னப் படகுகள் தெரிகின்றன. கொள்ளைக்காரர்களோ என்று கேப்டனுக்குப் பயம். விளக்கை அணைக்கச் சொல்கிறார், சிக்னலை அணைக்கச் சொல்கிறார். கப்பலில் யாரும் மூச்சு விடவில்லை. சமையலறையில் தட்டுகள் அடுக்கியிருக்கின்றன. அலைக்கு ஆடி ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டால் காரியம் கெட்டது. சமையல்காரன் அவற்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறான்.

"அப்புறம்?" என்றாள் கண்ணை மூடிக்கொண்டு. நான் அடுத்த வரியை யோசிப்பதற்குள் தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அவள் கை எதையோ நெஞ்சோடு பிடித்திருந்தது. சோபா தலையணைதான்.

திங்கட்கிழமை அவள் அறிக்கை எழுதினாள். கப்பல் கொள்ளையர் பயத்தால் சிக்னலை அணைத்தது என்று எழுதினாள். கூசாமல், தயங்காமல், எங்கேயோ படித்ததை எழுதுகிற நிச்சயத்தோடு. எதிர்க்கட்சி படித்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"இதுக்கு ஆதாரம்?"

"இருக்கு சார், ஒரு நிமிஷம்." தேடினாள். படங்களில் தேடினாள், கப்பல்காரர்களின் பதிலில் தேடினாள். பார்த்த ஞாபகம் இருந்தது, அவ்வளவு துல்லியமாக. அந்தத் தட்டுகள்கூட... தட்டுகள் ஞாபகத்துக்கு வந்ததும் தேடுவதை நிறுத்திவிட்டாள்.

"எங்க அத்தான் சொன்னார் சார்."

"அவர் அந்தக் கப்பல்லயா இருந்தார்?"

"நாற்காலியில இருந்தார் சார்."

அவர் சிரிக்கவில்லை. "முழுசா சொல்லும்மா" என்றாராம். சமையல்காரன் வரைக்கும் கேட்டுவிட்டு, பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

இதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது என்பதையும் மறைக்கவில்லை. நான் கட்டியதை ஒருவர் நிஜம் என்று நம்பியது அதுதான் முதல் தடவை.

5

இந்த இடத்தில் எனக்கு எதிர்க்கட்சி மீது ஒரு சந்தேகம். வாசகருக்கும் வரும். 'இல்லை' சொல்லியே பழகிய மனிதர், கல்நெஞ்சர், அப்படியே விட்டுவிட்டால் கதைக்குச் சௌகரியம். முதல் பிரதியில் அவருக்கு ஆரோக்கியமான மனைவியைக் கொடுத்திருந்தேன்; நடைப்பயிற்சிக்கெல்லாம் அனுப்பினேன். எழுதியதை வாசித்துக் காட்டியபோது கொழுந்தியாள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அது தப்பு அத்தான். ஆன்ட்டிக்கு டயாலிசிஸ் நடக்குது. ரொம்ப நாளா."

"சும்மா இரும்மா. கதைக்காக நானே பண்ணினேன்னு சொல்லுவாங்க."

"சொன்னா சொல்லட்டும்."

நானாக இருந்தால் இப்படி ஒரு பொருத்தத்தை வைத்திருக்க மாட்டேன். நிஜத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை.

அடித்த வரிக்குப் பதில் அவள் புதிதாக ஒன்று கண்டுபிடித்தாள். கப்பலின் அடிப்பக்கம் சிவப்புச் சாயம், மேலே கறுப்பு. பாரம் ஏறினால் சிவப்புப் பட்டை தண்ணீருக்குள் போகும், இறங்கினால் வெளியே தெரியும். மேகத்துக்கு முன்னால் எடுத்த படத்திலும் பின்னால் எடுத்த படத்திலும் பட்டை ஒரே அகலம். அதாவது நடுவில் பாரம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆதாரம்! அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள். அன்று மத்தியானம் எதிர்க்கட்சி தன் மனைவியோடு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் இருந்தார். அங்கேயே போய்விட்டாள்.

அந்த அறையை அவள் சொன்னபடி எழுதுகிறேன். வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். வெள்ளைப் போர்வைகள். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் இயந்திரம், அதன் மேல் மெதுவாகச் சுற்றும் ஒரு சக்கரம். எல்லோரும் அரைத் தூக்கத்தில், நங்கூரம் போட்டவர்களாக. தடைக்கு உள்ளான அந்த நாட்டில் இதே மாதிரி ஓர் அறையில், ஃபில்டர் வரும் வரும் என்று நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இதை யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவர் படங்களைப் பார்த்தார். "கனமா எதையும் ஏத்தலை. சரி. லேசா ஏத்தியிருந்தா? ஒரு பெட்டி? ஒரு ஆள்? இந்தச் சிவப்புக் கோடு காட்டுமா?"

"காட்டாது சார்."

"அப்ப?"

அவர் மனைவி கண்ணைத் திறக்காமலே கேட்டார். "யாருக்காக இந்தச் சண்டை?"

"உனக்கில்ல. நீ தூங்கு."

"எனக்குன்னா என்ன எழுதுவீங்க?"

போர்வை சரியாகத்தான் இருந்தது. அவர் அதைத் திரும்பச் சரிசெய்தார். பிறகு வராந்தாவுக்கு வந்து கொழுந்தியாளிடம் சொன்னார்: "அவளுக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுருவேம்மா. அதனாலதான் பயமா இருக்கு. நாம கண்ணை மூடிக்கிட்டு ஒரு கெட்ட கப்பலை விட்டோம்னு வை, நாளைக்கு நல்ல மருந்துக் கப்பல் வந்தாலும் எவனும் நம்ப மாட்டான்."

அவள் அங்கேயே, பெஞ்சில் வைத்து, கடைசி வாக்கியத்தை எழுதினாள். *அந்த இடைவெளியில் கப்பல் எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அதற்கு முன்னும் பின்னும் தவறாக எதையும் நாங்கள் காணவில்லை.* கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். காகிதத்தை அவரிடம் நீட்டினாள்.

6

முடிவு (அ): அவர் கையெழுத்துப் போடுகிறார். நங்கூரம் ஏறுகிறது. எங்கோ ஓர் அறையில் சக்கரங்கள் சுற்ற ஆரம்பிக்கின்றன. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்தக் கப்பலில் லேசான ஒரு பெட்டி இருந்திருந்தால்?

முடிவு (ஆ): அவர் போடவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு உள்ளே போகிறார். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றுகிற சக்கரத்தை, அதை மட்டும்

இதை என்னால் எழுத முடியவில்லை.

கொழுந்தியாளுக்குப் போன் செய்தேன். "போட்டாரா, இல்லையா?"

"அது ஆபீஸ் ரகசியம் அத்தான். இவ்வளவு சொன்னதே தப்பு."

"கதை அந்தரத்துல நிக்குதும்மா."

"நிக்கட்டும். அந்த எடத்தை வெள்ளையா விடுங்க. மறுபடியும் தட்டை அடுக்க ஆரம்பிச்சிடாதீங்க."

ஆகவே:

[                                        ]

7

என்னிடம் மிச்சம் இருப்பது அவள் கற்றுக்கொடுத்த வித்தை ஒன்றுதான். முன்னும் பின்னும் பார்ப்பது. அந்த மனிதரை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டையும் அப்படியே தருகிறேன். நடுவில் கையெழுத்து விழுந்ததா என்று நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தச் சிவப்புக் கோடு உங்கள் கண்ணுக்குத்தான் தெரியவேண்டும்.

முன்பு: நான் அலுவலகம் போயிருந்த அன்று. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். "கதை எழுதுறவராமே" என்றார். "எங்க வேலைக்கு நேர் எதிரி நீங்க."

பின்பு: எல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கலாம். ஒரு மத்தியானம் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வெயிலில் நடந்து வந்திருந்தார். உள்ளே வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்தார், கைப்பை மடியில்தான். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். மனைவி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "வாரா வாரம் போயிட்டு வர்றோம்" என்றார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக வானம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"அந்தச் சமையல்காரன் தட்டையெல்லாம் பிடிச்சுக்கிட்டு நின்னானே. அவன் அப்புறம் கீழே வச்சானா?"

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று இதற்குள் கற்றிருந்தேன். ஆனால் அவர் கைகள் பையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தேன்.

"வச்சிட்டான் சார்," என்றேன். "விடிஞ்சதும் வச்சிட்டான். ஒண்ணுகூட உடையலை."

ஆதாரம் கேட்பார் என்று காத்திருந்தேன்.

அவர் கேட்கவில்லை.