டீக்கன் எழுதிய ஒரே செக்

மாவட்ட அலுவலகத்தில் பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்கும் கண்ணாடிக்குப் பின்னால் நான் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அந்தக் கண்ணாடியில் என் கையாலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன். செக் அல்லது மணியார்டர் மட்டும். இரண்டு தனித்தனியாக வேண்டும். ஒன்று வாஷிங்டனுக்கு, ஒன்று இந்த அலுவலகத்துக்கு. அதற்குக் கீழேயே நின்றுகொண்டு கார்டை நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒட்டினது சுவருக்கு இல்லீங்க, உங்களுக்குத்தான்" என்பேன். டெலோரஸ் வாயில் விழாதே என்று எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒஹாயோவில் எங்கள் பக்கத்து மலைச்சரிவுகளில் பாதிப்பேர் ஆமிஷ்காரர்கள், பழைய வழக்கத்தை விடாத கிறிஸ்தவச் சபையினர். குதிரை வண்டியில் போவார்கள், வீட்டில் கரண்ட் கிடையாது, முகத்தைப் படம் பிடிப்பதைப் பாவம் என்பார்கள். அதனால் என் கண்ணாடிப் பக்கம் அவர்கள் வருவது அபூர்வம். வந்தால் ஏதோ பெரிய கஷ்டம் என்று அர்த்தம்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மாலனும் அவர் மனைவி சலோமாவும் வந்தார்கள். மாலனுக்கு நாற்பது வயதிருக்கும். பால்மாடு வைத்திருந்தார், ஐந்து பிள்ளைகள். அவளுக்கு ஈரலில் புற்றுநோய். இங்கே ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். மெக்சிகோ எல்லையைத் தாண்டி ஒரு மருத்துவமனை இருக்கிறது, அங்கே போன இரண்டு ஆமிஷ் பெண்கள் எழுந்து நடமாடுகிறார்கள் என்று அவளுடைய அண்ணன் கேள்விப்பட்டிருந்தார். கூடப் போகப்போவதும் அவர்தான், அவரிடம் பாஸ்போர்ட் இருந்தது. சலோமாவுக்குத்தான் வேண்டும்.

அவர்களை ஏற்றிவந்த வாடகை வேன்காரர் டுவைட் பின்னாலேயே உள்ளே வந்து நின்றார்.

"டெலோரஸ், சீக்கிரம் முத்திரையக் குத்தும்மா. மீட்டர் ஓடுது."

"உன் வண்டியில ஏது மீட்டரு?"

"என் வாயில இருக்கு."

சலோமா சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போய், தோல் மஞ்சள் பூத்திருந்தது. சிரித்தபோது வயது தெரியவில்லை.

படம் பிடிக்கும் இடம் என் மேஜைக்குப் பின்னாலேயே இருக்கிறது, ஒரு வெள்ளைத்திரையும் ஒரு முக்காலியும். பிஷப் இந்த ஒருமுறை கண்டும் காணாமல் இருந்துவிடச் சம்மதித்திருந்தார். ஆனாலும் மாலன் அந்தப் பக்கம் வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு வராந்தாவில் நின்றார். சலோமா, அவர்கள் பெண்கள் எப்போதும் போடும் நாடா வைத்த வெள்ளைக் குல்லாவோடு, முக்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

"கண்ணைத் தூக்குங்க சலோமா."

"வெக்கமா இருக்கு. என்னைப் பிடிக்கறது இதுதான் மொத தடவ."

"உங்களுக்குப் பின்னால வரிசையில நாலு பேரு நிக்கறாங்க. தூக்குங்க."

தூக்கினாள். ஒரே சொடுக்கில் எடுத்து முடித்தேன்.

விண்ணப்பம் சரியாக இருந்தது. பிறப்புச் சான்றிதழும் சரி. கடைசியாக மாலன் உள்ளே வந்து சட்டைப்பையிலிருந்து ஒரு செக்கை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். சபையின் தர்மநிதியிலிருந்து, அதன் கணக்கைப் பார்க்கும் டீக்கன் எழுதிக் கொடுத்தது. தொகை ஒரு சென்ட் பிசகவில்லை, அவசரக் கட்டணம்கூடச் சேர்த்திருந்தது. ஆனால் மொத்தமும் ஒரே செக்கில், எங்கள் அலுவலகத்தின் பெயருக்கு இருந்தது.

"இது செல்லாதுங்க. ரெண்டு செக்கு வேணும்."

"பணம் அதேதானே?"

"வாஷிங்டனுக்குத் தனி, எங்களுக்குத் தனி."

"அரசாங்கம் ஒண்ணுதானே, டெலோரஸ்? நீங்களே அவங்க பங்கை அவங்களுக்கு அனுப்பிட மாட்டீங்களா?" கிண்டலாகக் கேட்கவில்லை. சபையில் யாராவது இன்னொருவருக்குச் சேர வேண்டியதைக் கையில் வாங்கினால் அது போய்ச் சேர்ந்துவிடும். உலகமும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

"கண்ணாடியில எழுதி ஒட்டியிருக்கேனே, பாக்கலியா?" என்று கேட்டேன். வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். "எதிர்ல தபாலாபீஸ். ரொக்கம் இருந்தா அங்க ரெண்டு மணியார்டரா வாங்கிட்டு வாங்க, அஞ்சு நிமிஷம்."

மாலன் பையைத் துழாவினார். டுவைட்டுக்குக் கொடுக்க வைத்திருந்ததுதான் இருந்தது. டுவைட் தன் பர்ஸைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். டீக்கனோ அன்று காலைதான் இண்டியானாவுக்குப் போயிருந்தார். அக்டோபரில் அவர்களுக்கு வரிசையாகக் கல்யாணம், மூன்று கல்யாணம் முடித்துவிட்டுத்தான் திரும்புவார். செக் புத்தகம் அவரிடம், கையெழுத்தும் அவருடையது.

என் மேஜை இழுப்பறையில் என் கைப்பை இருந்தது. அதில் அன்றைக்கு அந்த இரண்டு மணியார்டருக்கும் வேண்டிய பணம் இருந்தது. ஊழியர்கள் தங்கள் பணத்திலிருந்து யாருக்கும் கட்டணம் கட்டக்கூடாது என்று விதி. அந்த விதி எனக்கு அப்போது ஞாபகத்துக்கு வந்தது என்று சொன்னால் பொய். பணம் போடலாம் என்ற நினைப்பே வரவில்லை. "அடுத்தவங்க வாங்க" என்றேன்.

பதினொரு நாள் கழித்து வேன் வந்தது. மாலன் மட்டும் உள்ளே வந்து இரண்டு செக்குகளை வைத்தார். விண்ணப்பிக்கிறவர் என் எதிரில் கையெழுத்துப் போட வேண்டும், உண்மை என்று சொல்ல வேண்டும். "அவளால இறங்க முடியல" என்றார். நான் கோப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே போனேன். சலோமா பின் சீட்டில் போர்வைக்குள் படுத்திருந்தாள். அவர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆமாம் என்று மட்டும் சொல்வார்கள். "எழுதினது எல்லாம் உண்மைதானா?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். பேனா அவள் கையில் நிற்கவில்லை, மாலன் அட்டையைப் பிடித்துக்கொண்டார். கையெழுத்து முடிந்ததும், "உங்களுக்கு ரெட்ட வேல வெச்சுட்டோம்" என்றாள் என்னிடம்.

அன்று மாலையே விண்ணப்ப உறையை வாஷிங்டனுக்கு அனுப்பினேன். அதன் பிறகு தினமும் தபால்காரரைப் பார்த்துப் படபடத்தேன், என்னவோ அந்தப் பாஸ்போர்ட் புத்தகம் என் வீட்டுக்கு வரப்போகிறதுபோல. நவம்பர் நடுவில் டுவைட் வந்து கண்ணாடியில் தட்டினார். அவர் வாயில் அன்று மீட்டர் இல்லை.

"சலோமா போயிட்டா, டெலோரஸ். நேத்து அடக்கம்."

"பாஸ்போர்ட்டு?"

"வரல."

அது நான்கு நாள் கழித்து வந்திருக்கிறது. நான் தாமதப்படுத்திய அந்தப் பதினொரு நாள் முன்னால் வந்திருந்தால் எல்லையைத் தாண்டியிருப்பாள். தாண்டியிருந்தால் பிழைத்திருப்பாளா? எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்காரர்களைக் கேட்டால் இல்லை என்பார்கள். ஆனால் அந்தத் தெரியாததை வைத்துக்கொண்டு தூங்க வேண்டியவள் நான்தான்.

டிசம்பரில் மாலன் குதிரை வண்டியிலேயே வந்தார், பதினான்கு மைல். தொப்பியைக் கழற்றிவிட்டு, கிழித்த உறையோடு பாஸ்போர்ட்டை என் முன்னால் வைத்தார். "இத என்ன பண்றது?"

"திருப்பி அனுப்பணும். ஓட்டை போட்டு ரத்து பண்ணி, கேட்டா உங்களுக்கே திருப்பித் தருவாங்க. வெச்சுக்கலாம்."

"வேணாம். பசங்க ஒளிச்சு வெச்சுப் பாப்பாங்க. நானும் பாப்பேன்."

அவளை வேறு யாரும் எந்தக் காலத்திலும் படம் பிடித்ததில்லை. இது போனால் அவள் முகம் உலகத்தில் எங்கும் இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை, ஆனால் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் யார்? அதைச் சொல்வதற்குப் பதில், ராத்திரியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "மாலன், அன்னிக்கு நான் உங்களத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது. எங்கிட்ட பணம் இருந்துச்சு."

"அத அன்னிக்கே வேன்ல வெச்சு மன்னிச்சாச்சு. சலோமாதான் மொதல்ல சொன்னா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இதைத் தாங்க முடியவில்லை. அழுதேன், வரிசையில் ஆள் நிற்க. அவர் நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

பிறகு, "அனுப்பறதுக்கு முன்னால ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றார். அதுவரை அவர் புத்தகத்தைத் திறந்தே பார்க்கவில்லை. விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார். நெடுநேரம் பார்த்தார்.

"குல்லா நாடா ஒரு பக்கம் முறுக்கிட்டுக் கெடக்கு" என்றார். "அவ இப்படி வெளிய வரவே மாட்டா. கோழிக்குத் தீனி போடப் போனாலும் நீவி விட்டுட்டுத்தான் போவா. யாரும் அவகிட்ட சொல்லலியா?"

"நான்தான் பிடிச்சேன்" என்றேன்.

மாலன் தலையை ஆட்டினார். அந்த நாடா இருந்த இடத்தைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழாக நீவினார். இன்னொரு தடவை நீவினார். பிறகு புத்தகத்தை மூடாமல் அப்படியே கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். மூட வேண்டியவள் நானானேன்.