கொடி பிடிப்பவரின் மூச்சு

பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினாலு நெருங்கினாலே க்சாவியேவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சிப்பாய் அவர்; ஊரில் சொல்தா என்பார்கள். அன்றைக்கு முன்னாள் சிப்பாய்கள் சங்கத்தின் கொடியைத் தூக்கிக்கொண்டு கடற்கரை நினைவுச் சின்னம் வரை முன்னால் நடப்பவர். விஷயம் வெளியே தெரிந்தால் கொடி அதே சங்கத்து ஃபாபிரிஸ் கைக்குப் போய்விடும். ஃபாபிரிஸ் அதற்காகவே உயிரோடு இருக்கிறான் என்பது க்சாவியேவின் கட்சி.

ஆகவே வைத்தியம் கமுக்கமாக நடந்தது. இருதயமோ என்று கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் பார்த்தார்; அது சமர்த்தாக அடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்துமாவோ என்று குழாயில் ஊதச் சொன்னார்கள், ஊதித் தள்ளினார். சிகரெட்டை விட்டார். மனைவி அமேலி வளர்த்த பூனையைத் தவளக்குப்பத்துக்கு நாடு கடத்தினார். மாடிக்கு அவருக்கு வெந்நீர் கொண்டுவரும்போது அமேலி பாதிப் படியில் நின்று நின்று வந்தாள். வேண்டுமென்றே தாமதிக்கிறாள் என்று அவருக்குக் கோபம்.

அந்த வருடம் ஒத்திகை முடிந்த கையோடு, கோட்டும் மெடலுமாகவே, மாடியில் இருந்த புது டாக்டரிடம் அமேலியோடு போனார். மற்ற ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் தொளதொள சட்டையில்தான் போயிருந்தார். டாக்டர் அவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கோட்டு எப்போது தைத்தது என்று கேட்டார்.

"பட்டாளத்துல குடுத்தது. அளவு மாத்த மாட்டேன்," என்றார் க்சாவியே பெருமையாக.

டாக்டர் பித்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தொப்பை வெளியே வந்தது, மூச்சு உள்ளே போனது. க்சாவியே அசடு வழிந்தார்.

பின்தங்கிவிட்டு அப்போதுதான் அவருடைய ஃபைல்களைச் சுமந்துகொண்டு அமேலி படியேறி வந்து நாற்காலியில் சாய்ந்தாள். டாக்டர் அவளுடைய கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது.

"எத்தினி நாளா மூச்சு வாங்குது?"

"ரெண்டு மூணு வருஷமா, டாக்டர். ஜூலையில கொடியோட நடந்தா வாங்குது. ராத்திரி நல்லாத் தூங்குறாரு."

"அவருக்கில்லம்மா. உங்களுக்கு."

அமேலி விழித்தாள். அப்படி ஒருவரும் அவளைக் கேட்டதில்லை. ரத்தம் குறைவாக இருக்கலாம், ஏன் என்று உடனே பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

"பதினாலு முடியட்டும் டாக்டர். இவரு கோட்டைப் பிரிச்சுத் தைக்கணும்ல," என்றாள் அவள்.

க்சாவியேவுக்கு வெட்கமாக இருந்தது. பித்தான்கள் எல்லாம் திறந்துதான் கிடந்தன. ஆனாலும் மூச்சு அடைத்தது.