முதல் வாய்

…இலைக்கு மேலே நிற்கிறது அந்த விரல், தேங்காய்ப்பால் சொதியில் தோய்ந்து நாக்குக்குப் போகுமுன் ஒரு கணம் அப்படித்தான் நிற்கும், அந்த ஒரு கணத்துக்காக முப்பத்தொரு வருஷம் கரண்டியும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றிருக்கிறாள் ஆவுடை, இந்த வீட்டில் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது, சாமிக்குக் காட்டி, பிறகு மாமனார் சங்கரலிங்கம் பிள்ளை முதல் வாய் வைத்து ம் என்றால்தான் மற்றவர்கள் சோற்றைத் தொடலாம், கல்யாணமாகிப் பன்னிரண்டாம் நாள், அவளைப் பெற்ற அப்பா பக்கத்து இலையில் உட்கார்ந்திருக்க, உப்பு கூடிப்போச்சென்று சொதிச் சட்டியை முற்றத்தில் கவிழ்க்கச் சொன்னான் பாவி மனுஷன், அவளே கவிழ்த்தாள், அப்பா சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்து தலை நிமிராமல் சாப்பிடுகிறார், தேங்காய்ப்பால் முற்றத்தில் வெள்ளையாக ஓடுகிறது, இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

போன ஆடியில் பெரியவர் காய்ச்சலில் கிடந்து எழுந்தார், வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்த ஒரு மத்தியானம் அவள் சாம்பாருக்கு உப்புப் போட மறந்துபோனாள், ம் என்றார், இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார், பிறகு அவள் தன் தட்டில் கை வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது, மறுநாள் காப்பியில் சீனிக்குப் பதில் உப்பு, குடித்தார், அதற்கும் மறுநாள் திரிந்த பால், முகர்ந்துகூடப் பார்க்காமல் குடித்தார், மூக்கும் போய் நாக்கும் போயிருந்தது, இரண்டு நாள் வயிற்றாலே போனது, அள்ளிக் கழுவியவளும் அவளேதான், வெட்கமாக இல்லையா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள், கொஞ்சம் இருந்தது, சந்தோஷம் அதைவிடக் கூடுதலாக இருந்தது. ஆனாலும் வீடு நிறைய ஆள் இருந்தால் போதும், பெரியவருக்கு நாக்கு உயிரோடு இருக்கிற பாவனை வந்துவிடும், கார்த்திகையன்று ஒரு குறையுமில்லாத பாயசத்தைத் தள்ளிவிட்டார், இன்று மகள் உலகுவின் கல்யாணத்துக்கு மறுநாள், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதி விருந்து, காலையில் அவளைத் தனியே கூப்பிட்டார், ஏட்டி, எனக்கு நாக்குல ஒண்ணும் தட்டுப்படல, ஒனக்கு எப்பமிருந்து தெரியும். ஆடியிலயிருந்தே தெரியும் மாமா. ஒருத்தர்ட்டயும் சொல்லிராத, நீ ருசி பாத்துட்டு, சரியா இருந்தா கரண்டியால சட்டில ஒரு தட்டுத் தட்டு, நான் ம்னு சொல்லிருதேன், இல்லாட்டா மானம் போயிரும். சரி என்றாள். மானமாம், அப்பா மோரை ஊற்றிப் பிசைந்த அன்று அது எங்கே போயிருந்தது, அடுக்களையில் முதல்முறையாகச் சொதியை உள்ளங்கையில் விட்டு நக்கினாள், அருமையாக இருந்தது, அழுகை வந்தது.

இதோ நிற்கிறது விரல், நுனியில் தேங்காய்ப்பால் திரண்டு சொட்டுகிறது, சம்பந்தி கையை மடியில் வைத்துக் காத்திருக்கிறார், உலகு அம்மாவையே பார்க்கிறாள், பெரியவரின் காது அடுக்களைப் பக்கம் திரும்பியிருக்கிறது, தட்டாமல் விட்டால் பயத்தில் இலையைத் தள்ளினாலும் தள்ளுவார், மகளுக்கு அந்த மோர்ச்சோறு வேண்டாம், தட்டினாலோ சாகும்வரை இவள்தான் அவருக்கு நாக்கு, ஆவுடை கரண்டியைக் கீழே வைக்கிறாள், நான் ருசி பாத்துட்டேன், உப்பு சரியாத்தான் இருக்கு, மாமாவுக்கு ஆடியிலயிருந்து நாக்குல ஒண்ணும் தெரியாது, நீங்க சாப்பிடுங்க என்கிறாள், யாரும் அசையவில்லை, ம் என்கிறாள், ஒவ்வொரு கையாகச் சோற்றில் இறங்குகிறது, அவர் விரல் மட்டும் இலைக்கு மேலே அப்படியே நிற்கிறது.